சுவரைப் பார்த்து நின்றவள்

அந்த வீட்டில் நடுவில் பிறந்தவள் அவள். மேலே ஒரு அண்ணன், கீழே ஒரு தம்பி. மூத்தவன் கேட்டால் வாங்கிக் கொடுத்தார்கள். இளையவன் அழுதால் வாங்கிக் கொடுத்தார்கள். அவள் கேட்கவும் இல்லை, அழவும் இல்லை என்பதால் அவளுக்கு ஒன்றும் வேண்டாம் என்றே எல்லாரும் முடிவு செய்துகொண்டார்கள். அம்மா போன பிறகு அண்ணன் ஒரு தேசத்துக்குப் போனான். கொஞ்ச காலத்தில் தம்பி வேறொரு தேசத்துக்குப் போனான். அப்பாவோடு யார் இருப்பது என்ற பேச்சே எழவில்லை. அதுதான் அவள் இருக்கிறாளே!

அவளுக்கு வேலை ஒரு குளிர்கிடங்கில். உறைந்த மீனும் கறியும் காய்கறியும் அட்டைப்பெட்டிகளில் அடைந்து, இரும்புத் தட்டுகளில் கூரை வரைக்கும் ஏறி உட்கார்ந்திருக்கும் இடம். சேர்ந்தபோது பெட்டிகளுக்கு நாடா ஒட்டுகிற வேலைதான் கொடுத்தார்கள். இரண்டு இரும்புக் கொம்புகளால் சரக்கைத் தூக்கி அடுக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டியை ஓட்டிக்கொண்டிருந்தவன் ஒருநாள் சண்டை போட்டுவிட்டுத் தொப்பியைக் கழற்றி எறிந்துவிட்டுப் போய்விட்டான். "நான் கத்துக்கறேன்" என்றாள் இவள். "இது என்ன தையல் மெஷினா?" என்று சிரித்தார்கள். சிரித்தவர்களுக்கு வேறு ஆள் கிடைக்கவில்லை. பயிற்சிக்குப் போய் உரிமம் வாங்கி வந்தாள். பதினாறு வருஷமாக அந்த வண்டி அவளுடையது. நெம்புகோலைத் தன் பக்கம் இழுத்தால் சரக்கு மேலே ஏறும், முன்னால் தள்ளினால் கீழே இறங்கும். ஏற்றுவதும் இறக்குவதும் கைக்கே தெரியும். மூளையைக் கேட்க வேண்டிய அவசியமே இல்லை.

அப்பா ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். காது கொஞ்சம் மந்தம், முழங்கால் கொஞ்சம் மக்கர், வாய் மட்டும் புது இன்ஜின். அவள் வேலைக்குப் போனதும் கடைக்குப் போய்வந்து, சமைத்து, பாத்திரம் கழுவி, துணி காயப்போட்டு, பக்கத்து வீட்டாரோடு வம்பளந்து முடிக்கும்போது அவள் திரும்பி வந்துவிடுவாள். யார் யாரைப் பார்த்துக்கொள்கிறார்கள் என்று கேட்டால், அந்த வீட்டில் அதற்கு ஒரே பதில் கிடையாது. ஆனால் போன மழைக்காலத்தில் குளியலறையில் வழுக்கி விழுந்து மணிக்கட்டில் மாவுக்கட்டோடு நின்றார். அந்தப் படத்தைத் தம்பிக்கு அனுப்பியது அவள்தான். அனுப்பியிருக்கக் கூடாது. அவன் அதை அண்ணனுக்கும் அனுப்பிவிட்டான். அன்றிலிருந்து அண்ணனுக்குக் கவலை பிடித்துக்கொண்டது. தூரத்தில் இருப்பவர்களின் கவலைக்குக் கை நீளம்.

அண்ணனுக்கு ஃபோனில் பேச நேரமில்லை. தம்பிக்கு நேரமிருந்தால் மனசில்லை. "ஃபோன்ல பேசினா நாம சண்டைதான்க்கா போடறோம். இதுல வா, விளையாடிக்கிட்டே பேசலாம்" என்று சொல்லி, தம்பி ஒரு விளையாட்டுப் பெட்டியையும் கன்ட்ரோலரையும் காதுக்கு மாட்டும் ஹெட்செட்டையும் பார்சலில் அனுப்பிவைத்தான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூன்று தேசத்திலும் எல்லாரும் விழித்திருக்கும் நேரம். அதுதான் குடும்பம் கூடும் நேரம் என்று ஆனது.

விளையாட்டு இதுதான். ஒரு பாழடைந்த கோட்டை. மூன்று பேர் சேர்ந்து உள்ளே போய், அங்கே சுற்றுகிற காவல் பூதத்திடம் சிக்காமல் பொருள்களைத் தூக்கிக்கொண்டு வெளியே வர வேண்டும். அதில் ஒரு விசேஷம் உண்டு. பக்கத்தில் நிற்பவர் பேசினால்தான் காதில் விழும். தள்ளிப் போனால் குரல் தேயும். சுவருக்கு அந்தப் பக்கம் போய்விட்டால் அறவே கேட்காது. "அப்படியே நிஜம் மாதிரிக்கா!" என்று தம்பிக்கு அதில் ஒரே பெருமை, ஏதோ அவனே கட்டிய கோட்டை போல.

கன்ட்ரோலரில் இரண்டு குமிழ்கள். இடது குமிழ் நடக்க, வலது குமிழ் பார்க்க. நம் ஆளின் முதுகுக்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாத கேமரா ஒன்று தொங்கிக்கொண்டே வருகிறது. அதை எந்தப் பக்கம் திருப்புகிறோமோ அதுதான் திரையில் தெரியும். கேட்க எளிதாகத்தான் இருந்தது. அவள் நிமிர்ந்து பார்க்க நினைத்துக் குமிழைத் தன் பக்கம் இழுப்பாள், பார்வை தரையில் போய்க் குத்தும். தரையைப் பார்க்க முன்னால் தள்ளுவாள், கூரை தெரியும். பதறிப்போய்ப் பக்கவாட்டில் திருப்பினால் உலகமே ரங்கராட்டினம் போலச் சுற்றிவிட்டு ஒரு சுவரில் வந்து நிற்கும்.

"அக்கா, எங்கே இருக்கே?"

"செவுத்துகிட்ட."

"எந்த செவுரு?"

"செவுத்துல பேரா எழுதி ஒட்டியிருக்கு? செவுரு செவுராத்தான் இருக்கு!"

அப்பா கட்டிலில் உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருப்பார். "ஏம்மா, உன் ஆளு ஏன் செவுத்தை மோந்து பாத்துட்டு நிக்கறான்? பெயின்ட் அடிக்க வந்தவனா?" என்பார்.

"இந்தக் குமிழ் தலைகீழா வேலை செய்யுது" என்று அவள் ஒருமுறை சொன்னாள். அண்ணன் சிரித்தான். "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். எல்லாருக்கும் ஒரே குமிழ்தாண்டி. பொம்பளைங்களுக்கே திசை வராது."

"லாரி முதுகுல ரெண்டு விரல் இடைவெளியில சரக்கைச் சொருகறவ நான்."

"அது வேற, இது வேற. சரி விடு, நீ அங்கேயே நில்லு. நாங்க போய் எடுத்துட்டு வந்துடறோம்."

ஒவ்வொரு ஞாயிறும் இப்படியே முடிந்தது. இரண்டு பேரும் ஓடுவார்கள். குரல்கள் தேயும். "...அதான் நானும் சொல்றேன்..." என்று ஒரு துண்டு கேட்கும், ஒரு சிரிப்பு கேட்கும், பிறகு காற்று ஊளையிடும் சத்தம் மட்டும். முதல் ஐந்து நிமிஷமாவது கூடப்பிறந்தவர்களின் பேச்சு காதில் விழுகிறதே என்று அவள் சுவரோடு நின்றாள். இந்த இடத்தில்தான் யாருக்கும் கோபம் வர வேண்டும். அவளுக்கு அப்போது வரவில்லை. தனக்குத்தான் தெரியவில்லை என்று வெட்கம்தான் வந்தது.

கோபம் ஒரு செவ்வாய்க்கிழமை வந்தது.

கிடங்கில் சாப்பாட்டு நேரம். உடை மாற்றும் அறையின் நீளப் பெஞ்சில் உட்கார்ந்து, கையுறையைக் கழற்றி விரல்களைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் பெட்டி கட்டுகிற பெண்மணி. அவளுக்கு அங்கே 'ரேடியோ' என்று பெயர், நிறுத்த முடியாது என்பதால். ஃபோன் அடித்தது. புது எண்.

"வணக்கம் மேடம். முதியோர் இல்லத்துலேருந்து மேனேஜர் பேசறேன். அப்பாவுக்கு ரூம் ரெடி. ஒண்ணாம் தேதி காலையில கூட்டிட்டு வந்துடறீங்களா, இல்ல நாங்க வண்டி அனுப்பவா?"

"யார் அப்பாவுக்கு?"

"உங்க அப்பாவுக்குத்தான் மேடம். உங்க அண்ணன் எல்லாம் பேசி முடிச்சுட்டாரே. தங்கச்சியும் சரின்னுட்டாங்கன்னு சொன்னாரே."

அவள் ஃபோனைக் காதிலிருந்து எடுத்து அதையே வெறித்துப் பார்த்தாள். ரேடியோ ஒரு நிமிஷம் பேச்சை நிறுத்தியது அன்றைக்குத்தான்.

அண்ணனுக்கு அடித்தாள். எடுக்கவில்லை. மறுபடி அடித்தாள். அடித்துக்கொண்டே இருந்தாள். கடைசியில் எடுத்தான்.

"மீட்டிங்ல இருக்கேன், என்ன அவசரம்?"

"யாரைக் கேட்டு அப்பாவுக்கு ரூம் போட்டே?"

"யாரைக் கேட்டா? மூணு பேரும் சேர்ந்துதானே பேசினோம்? போன ஞாயித்துக்கிழமை, அந்தக் கோட்டை நிலவறையில. நீயும் இருந்தியே."

"நான் எங்கே இருந்தேன்? படிக்கட்டுல கூரையைப் பாத்துட்டு நின்னேன்! ஒரு வார்த்தை என் காதுல விழல!"

"எனக்கெப்படித் தெரியும்? திரையில உன் பேரு இருந்துச்சு. வேணாம்னா வேணாம்னு சொல்லியிருக்கணும். மௌனம் சம்மதம்னுதானே எடுத்துக்குவாங்க?"

"கேக்காத பேச்சுக்கு நான் எப்படிடா பதில் சொல்றது?" அண்ணனை 'டா' போட்டுப் பேசியது அதுதான் முதல் தடவை.

அவனும் கொஞ்சம் இறங்கி வந்தான். "இங்க பாரு. உனக்காகத்தான் இதெல்லாம். அப்பா இன்னொரு தடவை விழுந்தா நீ வேலையில இருப்பே, யார் தூக்குவா? நீயும் எத்தனை நாள் இப்படியே கிடப்பே? உனக்குன்னு ஒரு வாழ்க்கை வேண்டாமா?"

அவனுடைய முதல் கேள்வி நியாயமானதுதான். ஆனால் 'கிடப்பே' என்றான் பாருங்கள்! பதினாறு வருஷமாக வண்டி ஓட்டி, வீட்டுக் கூரைக்கு ஓடு மாற்றி, அப்பாவோடு சிரித்துச் சண்டை போட்டுச் சாப்பிட்டுத் தூங்கியதற்குப் பெயர் கிடப்பதாம். அவளுக்காகச் செய்கிறார்களாம். அவளுக்காக, அவளுக்குத் தெரியாமல், அவள் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில்!

"தம்பியையும் சேத்து இப்பவே ஒரு கால் போடு. மூணு பேரும் பேசுவோம்."

"அவனுக்கு ஞாயித்துக்கிழமை மட்டும்தான் நேரம். அதுவும் அவன் விளையாட்டை விட்டு வரமாட்டான், உனக்கே தெரியும். அங்கேயே பேசுவோம். கை தூக்கி முடிவு பண்ணுவோம். நியாயமா." வைத்துவிட்டான்.

நியாயம் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரிந்தது. இரண்டு கைகள் நிலவறைக்குள் தூக்கப்படும். மூன்றாவது கை எங்கேயோ ஒரு சுவரைப் பார்த்து நிற்கும். ஒண்ணாம் தேதி வண்டி வரும்.

அப்பாவிடம் சொல்லவில்லை. மனசு நோகக் கூடாது என்று நினைத்தாள்.

அன்று சாயங்காலமே கன்ட்ரோலரைக் கையில் எடுத்தாள். தனியாகக் கோட்டைக்குள் போய்ப் பயிற்சி. தள்ளு, மேலே. இழு, கீழே. தப்பாகப் போகும்போதெல்லாம் தன் கட்டைவிரலைத் தானே அடித்துக்கொண்டாள். "அதை ஏன் அடிக்கறே, அது என்ன கழுதையா?" என்றார் அப்பா. "ஸ்டியரிங் மாதிரி முறுக்கிப் பிடி, சரியாயிடும்." முறுக்கிப் பிடித்தாள். உலகம் இன்னும் வேகமாகச் சுற்றியது. அப்பாவின் யோசனைகளைக் கேட்பதில்லை என்று முடிவு செய்தாள். மூன்றாம் நாள் சாயங்காலம் விரல் ஒருவழியாகப் பணிந்தது. தள்ளினால் மேலே, இழுத்தால் கீழே. ஒருமுறை கூடத் தப்பாமல் ஒரு படிக்கட்டு முழுக்க ஏறினாள். ஏறி நின்று தனக்குத் தானே கை தட்டிக்கொண்டாள்.

மறுநாள் காலை கிடங்கில், மேல்தட்டுக்குப் போக வேண்டிய மீன்பெட்டி அடுக்கு ஒன்றைத் தூக்கிக்கொண்டு போனாள். தட்டுக்குப் பாதி உயரத்தில் நிறுத்தி, இன்னும் கொஞ்சம் ஏற்ற நினைத்தாள். கை நெம்புகோலைத் தள்ளியது.

முன்னால்.

சரக்கு சர்ரென்று இறங்கி, கீழே நின்ற அடுக்கின் மூலையில் உட்கார்ந்தது. அட்டை நசுங்கும் சத்தம் அந்தக் குளிரில் எலும்பு முறிகிற மாதிரி கேட்டது. இரண்டு பெட்டிகள் வாய் பிளந்து, உறைந்த மீன்கள் கற்கள் மாதிரி தரையில் சறுக்கிக்கொண்டு போயின. ஒன்று ரேடியோவின் பூட்ஸில் போய் மோதி நின்றது.

"ஐயோ, மீனுக்கே உயிர் வந்துடுச்சு!" என்று ரேடியோ கத்தினாள். யாருக்கும் அடிபடவில்லை. ஆனால் சூப்பர்வைசர் ஓடி வந்தார். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "உடம்பு சரியில்லையாம்மா? வீட்டுக்குப் போறியா?" என்று மெதுவாகக் கேட்டார். அந்த மெதுவான குரலைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

வண்டியிலேயே உட்கார்ந்திருந்தாள். கையைப் பார்த்தாள். அப்போதுதான் மூளையில் உறைத்தது. இந்தக் கைக்குத் திசை தெரியாமல் இல்லை. இழுத்தால் ஏறும் என்று பதினாறு வருஷமாகக் கற்ற கை இது. அந்த விளையாட்டு அதை இழுத்தால் இறங்கும் என்கிறது. அவ்வளவுதான் விஷயம். ஒரு பொம்மைக் கோட்டைக்காகத் தன் பிழைப்பையே மறக்கக் கையைப் பழக்கியிருக்கிறாள், அதுவும் அடித்து அடித்து!

வீட்டுக்கு வந்து செருப்பைக் கூடக் கழற்றாமல் விளையாட்டுப் பெட்டியை ஓடவிட்டாள். அமைப்புகள் என்று இருந்த பக்கத்துக்குப் போனாள். அவள் அதுவரை எட்டிப் பார்க்காத பக்கம் அது. எதையாவது தொட்டுக் கெடுத்துவிடுவோம் என்று பயம். ஒலி, ஒளி, எழுத்தின் அளவு என்று இறங்கிக்கொண்டே போனால், அதோ இருந்தது: கேமரா, மேல் கீழ் மாற்று. பக்கத்தில் ஒரு சின்னக் கட்டம். அமுக்கினாள். கோட்டைக்குள் போனாள். குமிழைத் தன் பக்கம் இழுத்தாள். பார்வை நிமிர்ந்தது. முதல் தடவையாக அந்தக் கோட்டைக்குக் கோபுரம் இருப்பதைப் பார்த்தாள்.

ஆகக் கூடம் கோணலாகத்தான் இருந்திருக்கிறது!

தம்பிக்கு அடித்தாள். "டேய், இந்த மேல் கீழ் மாத்தறது உனக்குத் தெரியுமா?"

"எது, அந்த ஆப்ஷனா? தெரியுமே. எத்தனையோ பேர் அப்படி வெச்சுதான் ஆடறாங்க." சாவகாசமாகச் சொன்னான். "நானே அப்படித்தான் வெச்சிருக்கேன்க்கா. சின்ன வயசுல பிளேன் ஓட்டற கேம் ஆடினேன்ல, அந்தப் பழக்கம்."

"நீயே... இத்தனை மாசமா... அவன் என்னைத் திசை தெரியாதவன்னு சொல்லும்போதெல்லாம் கூடச் சேர்ந்து சிரிச்சியேடா!"

"நீ கேக்கவே இல்லையேக்கா."

"தலைகீழா வேலை செய்யுதுன்னு சொன்னேனே! அதுக்கு மேல எப்படிடா கேக்கறது? விண்ணப்பம் போடணுமா?"

"சரி, மன்னிச்சுக்கோ. விளையாட்டுதானேக்கா" என்றான்.

விளையாட்டுதானாம். அந்த விளையாட்டில்தான் அப்பாவைத் தூக்கிக் கொடுத்திருக்கிறார்கள்.

ஞாயிறு வரை கிடைத்த நேரமெல்லாம் பழகினாள். மேல் கீழ் சரியானது பாதிதான், பக்கவாட்டு இன்னும் பாக்கி. குமிழைப் பிடித்து அமுக்கியே வைத்திருப்பதுதான் தப்பு என்று கண்டுபிடித்தாள். லேசாகத் தட்டிவிட்டு விட்டுவிட வேண்டும். இன்னொரு பழக்கமும் அவளைக் கெடுத்தது. வண்டியில் எப்போதும் கண் இரும்புக் கொம்புகளின் நுனியில்தான் இருக்கும். இங்கேயும் அதே ஞாபகத்தில் தன் ஆளின் காலடியையே பார்த்துக்கொண்டு நடந்தாள். கண்ணைப் பிடுங்கி வாசலில் வைக்க வேண்டியிருந்தது. முதலில் பார், பிறகு நட. பார், நட. மோதினாள், திரும்பினாள், மறுபடி மோதினாள். "பரவால்லையே, இன்னைக்கு செவுரு உன் ஆளைத் தேடுது" என்றார் அப்பா.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. அப்பா கட்டிலில் ஒரு தட்டில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தார். அவள் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டாள்.

"நீ வாசல்லயே நில்லு, நாங்க போய்..." என்று ஆரம்பித்த அண்ணன், திரும்பிப் பார்த்துவிட்டு, "ஏ, இவ பின்னாடியே வரா!" என்றான்.

"அக்கா, சூப்பர்!"

அவள் முற்றம் தாண்டி, வளைந்த படிக்கட்டு இறங்கி, தாழ்ந்த வழி நுழைந்து அவர்கள் முதுகைக் கண்ணிலிருந்து நழுவவிடாமல் போனாள். நிலவறைக்கு ஒரே வாசல். இரண்டு பேரும் உள்ளே போய் அலமாரிகளைத் துழாவ ஆரம்பித்தார்கள். வாசலருகே ஒரு பெரிய மரப்பெட்டி இருந்தது. அவள் அதைத் தூக்கினாள். தூக்கியதும் திரை முழுக்கப் பெட்டிதான், முன்னால் ஒன்றும் தெரியவில்லை. கிடங்கில் சரக்கு கண்ணை மறைத்தால் பின்னோக்கித்தான் ஓட்டுவார்கள். அவளும் கேமராவைப் பின்பக்கம் திருப்பி, பின்நடையாகவே வந்து, பெட்டியோடு வாசலை அடைத்துக்கொண்டு நின்றாள். எலி கூட நுழைய முடியாது.

"இப்ப பேசலாம்" என்றாள்.

"என்னடி இது, வழி விடு."

"இப்ப என் குரல் நல்லா கேக்குதில்ல? பக்கத்துலதான் நிக்கறேன். அப்பா விஷயத்தைச் சொல்லுங்க. என் காதுல விழற மாதிரி சொல்லுங்க."

தூரத்தில் பூதத்தின் காலடிச் சத்தம் கேட்டது.

"அக்கா, அது வருது! வெளியில போய்ப் பேசுவோம்க்கா!"

"வரட்டும். அதுக்கும் விஷயம் தெரியட்டும்."

"கை தூக்கித்தானே முடிவு பண்ணுவோம்னு சொன்னேன்" என்றான் அண்ணன். "பொறுமையா..."

"தூக்குங்க! ரெண்டு கையையும் தூக்குங்க! கை தூக்க நீங்க யாரு? விழுந்தவரைத் தூக்கின கை உங்களுதா? எனக்காகச் செய்யறேன்னு சொன்னே இல்ல, என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா? அப்பாவை நான் எந்த இல்லத்துக்கும் அனுப்ப மாட்டேன். வண்டி வந்தா டயரைக் கழட்டிடுவேன், சொல்லிட்டேன்!"

காதை அடைத்துக்கொண்டு பேசுகிறவர்களுக்குத் தம் குரலின் அளவு தெரிவதில்லை. அவள் தெருவுக்கே கேட்கக் கத்தியிருந்தாள். அப்பாவின் மந்தக் காதுக்கும் அது போதும்.

பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்த அப்பாவின் கத்தி நின்றது. "என்னை எங்கே அனுப்பறாங்க?"

அவள் திரும்பினாள். கன்ட்ரோலர் மடியில் விழுந்தது. ஹெட்செட்டுக்குள் தம்பி கூச்சலிட்டான், அண்ணன் கூச்சலிட்டான், ஏதோ உறுமியது, பிறகு ஒன்றுமில்லை. மூன்று பேரும் பூதத்திடம் சிக்கி, திரை சிவந்து கிடந்தது. அவள் ஹெட்செட்டைக் கழற்றிவிட்டு, இல்லம், ரூம், ஒண்ணாம் தேதி எல்லாவற்றையும் சொன்னாள்.

"உனக்கு எப்ப தெரியும்?"

"செவ்வாக்கிழமை."

"இன்னைக்கு ஞாயிறு."

அவ்வளவுதான் சொன்னார். அவளுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. வாரம் முழுக்கத் தன்னைக் கேட்கவில்லை என்று கொதித்தவள், கேட்க வேண்டிய முதல் ஆளைத் தானும் கேட்கவில்லை.

ஃபோன் அடித்தது. அண்ணன். மீட்டிங் இல்லை போலிருக்கிறது. அப்பா கையை நீட்டி வாங்கி, காது கேட்பதற்காக ஸ்பீக்கரில் போட்டார்.

"அப்பா, நான் சொல்றதைக் கொஞ்சம் கேளுங்க. நல்ல இடம். டாக்டர் இருக்கார், தோட்டம் இருக்கு..."

"பொம்மைங்களை ஓடவிட்டுக்கிட்டு என் விஷயத்தை முடிச்சிருக்கீங்க. மூணு பேரும்." அவர் குரல் ஏறவில்லை. "முப்பது வருஷம் பஸ் ஓட்டினேன். எங்கே இறங்கணும்னு பயணிதான்டா சொல்வான். கண்டக்டர் சொல்லமாட்டான்."

"நீங்க விழுந்தா யாருப்பா பாக்கறது?"

"அது நல்ல கேள்வி. அதை என்கிட்ட கேட்டிருக்கணும். அந்த மேனேஜர் நம்பர் உன் தங்கச்சிகிட்ட இருக்கில்ல? நான் பேசிக்கறேன்."

வைத்தார். அந்த நம்பரை அடித்துக் கொடுக்கச் சொன்னார். மேனேஜர் ஞாயிற்றுக்கிழமையும் மரியாதையாகப் பேசினார். காற்றோட்டம், வெந்நீர், வாரம் ஒருமுறை பாட்டுக் கச்சேரி என்று அடுக்கினார். அப்பா முழுக்கக் கேட்டுவிட்டு, "ரூமுக்குத் தாழ்ப்பாள் இருக்கா?" என்றார்.

"இருக்கு சார்."

"எந்தப் பக்கம்?"

"வெளிப்பக்கம் சார். பாதுகாப்புக்காகத்தான். பெரியவங்க உள்ளே போட்டுக்கிட்டு ஏதாவது ஆயிட்டா..."

"ஏன் தம்பி, உன் வீட்டுல நீ எந்தப் பக்கம் தாழ்ப்பாள் போட்டுட்டுத் தூங்கறே?"

மேனேஜர் மறுபடி வெந்நீரைப் பற்றி ஆரம்பித்தார்.

"ஒண்ணாம் தேதி வண்டி அனுப்ப வேண்டாம்" என்று சொல்லி ஃபோனை அவளிடம் கொடுத்தார். பிறகு கத்தியைக் கையில் எடுத்தார், நறுக்கவில்லை. "சரி, நீ சொல்லு. நான் இங்கே இருக்கறது உனக்குக் கஷ்டமா? மழுப்பாம சொல்லு. உன்னையும்தான் யாரும் கேக்கல."

'அதெல்லாம் ஒண்ணுமில்லப்பா' என்ற பேச்சு அவள் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. விழுங்கினாள்.

"கஷ்டம்தான். நான் வேலையில இருக்கும்போது நீங்க குளிச்சா எனக்குப் பக்கு பக்குன்னு இருக்கு. அங்கே கைப்பிடி வெக்கணும்னு விழுந்த அன்னைக்கே சொன்னேன். அதெல்லாம் கிழவனுங்களுக்குன்னு துரத்திவிட்டீங்க. கைப்பிடி வரணும். வழுக்காத பாய் வரணும். நீங்க குளிச்சு முடிச்சதும் எனக்கு ஒரு ஃபோன் வரணும்."

"வண்டியில உக்காந்துட்டு ஃபோன் எடுப்பியா? சட்டம் என்ன சொல்லுது?"

"நிறுத்திட்டு எடுப்பேன்!" என்று கத்தினாள். இப்போது ஹெட்செட் கூட இல்லை.

அப்பா பீன்ஸைப் பார்த்தார். "ஃபோன் பண்றேன். பாயும் சரி. கைப்பிடியும் வெச்சுக்கோ" என்றார். "ஆனா எந்த உயரத்துல, எந்தப் பக்கம்னு நான்தான் சொல்வேன். நீ அளவெடுத்து முடிச்சுட்டு வந்து எனக்குக் காட்டாதே."

"நீங்களே சொல்லுங்க, எழுந்து வாங்க" என்று அவள் அளவெடுக்கும் டேப்பை எடுக்கப் போனாள்.